முதல் பக்கத்துக் கறுப்புக் கட்டம்

விருதுநகரில் ஆங்கில இலக்கியம் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தபோது, நான் கையெழுத்திட்ட ஒரு தாளை வக்கீல் அலுவலகம் வரை எடுத்துச் செல்ல நேர்ந்தது. எங்கள் ஊரில் எவரும் பார்த்திராத ஒரு கருவிக்கான விளக்கப் புத்தகத்தை அச்சிடும் முன் பிழை பார்க்க எடுத்த ப்ரூஃப் அது.

காற்றுக் குடுவையுடன் கடலில் மூழ்குவோர் மணிக்கட்டில் கட்டிக்கொள்ளும் கருவி. எவ்வளவு ஆழத்தில் இருக்கிறோம், இன்னும் எத்தனை நிமிடம் இருக்கலாம், எந்த வேகத்தில் மேலேறலாம் என்று கணக்கிட்டுக் காட்டும். டைவ் கம்ப்யூட்டர் என்று பெயர். அதை வெளிநாட்டிலிருந்து தருவித்து விற்ற கம்பெனி ஒன்று, பதினாறு பக்கப் புத்தகத்தை அச்சிடும் வேலையைச் சிவகாசியில் ஓர் அச்சகத்துக்குக் கொடுத்தது. அங்கே என் அப்பா ஃபோர்மேன். பட்டாசு லேபிளும் தினசரி காலண்டரும் கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டியும் அச்சிடும் இடம் அது. ஆங்கிலத்தில் பிழை பார்க்க ஆள் இல்லாததால் விடுமுறையில் இருந்த என்னை அழைத்தார்கள்.

மெஷின்காரர் ஒருவர் என் தோளுக்குப் பின்னால் நின்று ப்ரூஃபிலிருந்த கருவியின் படத்தைப் பார்த்தார்.

"கடலுக்குள்ள கம்ப்யூட்டரா? கரண்டு எங்கன இருந்து இழுப்பாக?"

"பேட்டரிண்ணே."

"அப்பச் சரி. மீனுக்கு ஷாக் அடிக்காது."

முதல் பக்கத்தில் தடித்த கறுப்புக் கோட்டுக்குள் ஓர் எச்சரிக்கை இருந்தது. பேட்டரியை மாற்றினால், அதற்கு முன் மூழ்கியதன் பதிவு கருவியிலிருந்து அழிந்துவிடும்; அதன்பின் இருபத்துநான்கு மணி நேரம் மூழ்கக் கூடாது; மீறினால் நிரந்தர ஊனமோ மரணமோ நேரலாம். கடைசிப் பக்கத்தில் ஒரு மீன் படமும், வாங்கியவருக்கு நன்றியும். நான் எழுத்து எழுத்தாக ஒப்பிட்டு இரண்டு பிழைகளைத் திருத்தி, அச்சிடலாம் என்று கையெழுத்திட்டேன். வேலை முடிந்த ப்ரூஃப்கள் கழிவுத்தாள் கட்டோடு பட்டாசுக் குழாய் சுற்றுகிறவர்களிடம் போய்விடும். இது நான் திருத்திய முதல் ப்ரூஃப் என்பதால் கேட்டு வாங்கி என் பெட்டியில் வைத்துக்கொண்டேன்.

அடுத்த பங்குனியில் அந்தக் கம்பெனியிடமிருந்து அச்சகத்துக்கு ஒரு வக்கீல் நோட்டீஸ் வந்தது. ஆங்கிலத்தில் இருந்ததால் அதையும் நானே முதலாளிக்குப் படித்துச் சொன்னேன். ஒருவர் காலையில் மூழ்கி எழுந்து, படகிலேயே பேட்டரியை மாற்றிவிட்டு, பிற்பகலில் மறுபடி மூழ்கியிருக்கிறார். அன்றைக்கு அவர் முதன்முறையாக மூழ்குவதாகவே கருவி கணக்கிட்டு, காலையில் மூழ்கியதைக் கழிக்காமல் கூடுதல் நேரம் காட்டியது. மேலே வந்தபின் அவருக்கு இரண்டு கால்களிலும் உணர்வு இல்லை. முன்பு மூழ்கியதை மறந்துவிடும் கருவி பழுதான கருவிதான் என்று அவர் கம்பெனி மீது வழக்குத் தொடுத்தார். முதல் பக்கத்திலேயே எச்சரித்திருக்கிறோமே என்றது கம்பெனி. அவர் தம் கையிலிருந்த புத்தகத்தை எடுத்துக் காட்டினார். அதன் முதல் பக்கத்தில் மீன் இருந்தது. எச்சரிக்கை கடைசிப் பக்கத்தில் இருந்தது. பக்கத்தை மாற்றியது அச்சகம். ஆகவே நீதிமன்றம் விதிக்கும் பொறுப்பு எதுவானாலும் அதை அச்சகமே ஏற்க வேண்டும் என்பது நோட்டீஸின் சாரம்.

முதலாளி எங்கள் இருவரையும் விருதுநகரில் இருந்த தம் வக்கீலின் அலுவலகத்துக்கு வரச் சொன்னார். அவர் காரில் போய்விட்டார். நானும் அப்பாவும் பேருந்தில் போனோம். திருத்தங்கலில் கூட்டம் இறங்கி இருக்கை கிடைத்ததும் அப்பா சொன்னார்:

"நான்தான் மாத்துனேன் தாயி."

அந்த வேலை அச்சுக்கு ஏறிய நாள் ஆடிப் பதினெட்டு. சிவகாசியில் அடுத்த ஆண்டுக் காலண்டர் சீசன் அன்றைக்குத்தான் தொடங்கும். அன்று மெஷினிலிருந்து இறங்கும் முதல் தாளை, புத்தகமானால் முதல் பக்கம் மேலே தெரிய மடித்து, குங்குமம் வைத்துச் சாமி படத்தின் முன் வைப்பார்கள். காலண்டரின் அச்சுப் பிளேட் அன்றைக்குத் தயாராகவில்லை. இந்தப் புத்தகம்தான் தயாராக இருந்தது. கறுப்புக் கட்டம் கட்டிய பக்கம் அப்பாவுக்குக் கண்ணீர் அஞ்சலியாகத் தெரிந்தது. அச்சுத் தாளில் முதல் பக்கமும் பதினாறாம் பக்கமும் அருகருகே அமையும். இரண்டிலும் பக்க எண் இல்லை. அந்த இரண்டு பக்கங்களின் ஃபிலிம் துண்டுகளையும் பெயர்த்து இடம் மாற்றி ஒட்ட அவருக்குப் பத்து நிமிடம் ஆயிற்று. யாரிடமும் சொல்லவில்லை.

"ஒரு எழுத்துகூட விடலையே தாயி. கடைசிப் பக்கம்னா படிக்க மாட்டாகளா?"

 ஆமத்தூர் தாண்டியபோது அப்பா மறுபடி கேட்டார்:

"அந்தத் தாளு வச்சிருக்கியா?"

"இருக்கு."

"எங்கன?"

"பையில."

அதன்பின் அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். இருபத்திரண்டு ஆண்டுகளாக அந்த அச்சகத்தில் இருந்தவர். அந்த ஒரு தாள் இல்லையென்றால், கம்பெனி தந்த காப்பியே அப்படித்தான் வந்தது என்று அச்சகம் சொல்லலாம். ஃபோர்மேனை யாரும் கேட்கப்போவதில்லை. அதை நான் சொல்லி அவர் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

அலுவலகத்தில் வக்கீல் அந்த நோட்டீஸை இரண்டு முறை படித்தார்.

"கருவி சரியா தப்பாங்கிறதை அவங்க ரெண்டு பேரும் பாத்துக்கிடட்டும். ஆபத்தான சாமான்னா, வாங்குறவன் கண்ணுல படுற எடத்துல சொல்லணும். சொன்னது எங்க இருந்துச்சு, அதை யாரு நகட்டுனா? நம்மகிட்ட அம்புட்டுத்தான் கேள்வி."

"வந்த காப்பிப்படிதான் அடிச்சோம்" என்றார் முதலாளி. அவர் அதை நம்பித்தான் சொன்னார்.

"ப்ரூஃப் எதுவும் இருக்கா?"

"அதெல்லாம் அப்பவே கழிவுல போயிருக்கும்."

"போயிருந்தா நமக்கு நல்லது" என்று வக்கீல் பேனாவைத் திறந்தார்.

பை என் மடியில் இருந்தது. நானாக அதைத் திறந்திருப்பேனா என்பது இன்றுவரை எனக்கு உறுதியாகத் தெரியாது. அன்று அந்த முடிவு என் கைக்கு வரவில்லை.

"போகல மொதலாளி" என்றார் அப்பா. "பாப்பாட்ட இருக்கு. எடு தாயி."

தாளை மேசையில் விரித்தேன். முதல் பக்கத்தில் கறுப்புக் கட்டம்; அதன் ஓரத்தில் என் கையெழுத்து. முதலாளி அதைப் பார்த்துவிட்டு அப்பா பக்கம் திரும்பினார்; ஃபிலிம் ஒட்டுவது ஃபோர்மேனின் வேலை.

"ஏன்யா மாத்துன?"

"ஆடிப் பதினெட்டு, மொதத் தாளு. கறுப்புக் கட்டத்துல மரணம்னு போட்டதைச் சாமி முன்னால வச்சிருந்தா நீங்க என்ன செஞ்சிருப்பீக?"

முதலாளி யோசித்தார்.

"வஞ்சிருப்பேன்."

"இதைப் பதில்ல எப்படி எழுதுறது?" என்றார் வக்கீல். பிறகு அப்பா பக்கம் திரும்பினார். "படகுல உக்காந்து பேட்டரி மாத்துறவன் கடைசிப் பக்கத்தையா தேடிப் படிப்பான்?"

"மாட்டான் சார். இப்பத் தெரியுது. நான்தான் மாத்துனேன்னே எழுதுங்க."

வரைவை ஆங்கிலத்தில் எழுதும் வேலை என்னிடம் வந்தது. பக்கங்களின் வரிசையை எங்கள் ஃபோர்மேன் கம்பெனியைக் கேளாமல் மாற்றினார் என்ற வாக்கியம் உடனே அமைந்துவிட்டது. ஏன் மாற்றினார் என்பதற்கு நான்கு வாக்கியங்கள் எழுதி நான்கையும் அடித்தேன். வழக்கம் என்று எழுதினால் மூடத்தனம் போலத் தொனித்தது. கவனக்குறைவு என்று எழுதினால் பொய்யாயிற்று. அன்று சீசனின் முதல் நாள், அன்றைய முதல் தாள் வழிபாட்டில் வைக்கப்படுவது, அதில் மரணம் என்ற சொல் முன்னால் வருவதை அவர் விரும்பவில்லை என்று நடந்ததை நடந்தபடியே எழுதினேன். வக்கீல் அதை வெட்டவில்லை. இணைப்பாகச் சென்ற வாக்குமூலத்தில் அப்பா தமிழில் கையெழுத்திட்டார்.

சில மாதங்களில் கம்பெனிக்கும் அந்த மனிதருக்கும் இடையே சமரசம் ஏற்பட்டது. அச்சகத்தின் மீது மேல்நடவடிக்கை இல்லை என்று கம்பெனியிடமிருந்து ஒரு வரிக் கடிதம் வந்தது. அதைப் படித்துக் காட்டியபோது அப்பா ஒன்றே ஒன்று கேட்டார்.

"அவருக்குக் காலு சரியாயிருச்சாமா?"

அதைப் பற்றிக் கடிதத்தில் எதுவும் இல்லை.

கம்பெனியின் ஆர்டர்கள் நின்றன. அப்பாவை ஃபோர்மேன் பொறுப்பிலிருந்து எடுத்துக் கட்டிங் மெஷினுக்கு மாற்றினார்கள். வேலையை விட்டே அனுப்பச் சொல்லி முதலாளியின் தம்பி கேட்டாராம். "அதைச் சாமி முன்னால வச்சிருந்தா நானே வஞ்சிருப்பேன்னு வக்கீல் முன்னாலயே சொல்லிட்டேன்லே" என்று முதலாளி மறுத்துவிட்டார்.

அவ்வாண்டு ஆடிப் பதினெட்டு அன்று நான் அச்சகத்தில் இருந்தேன். முதலில் ஏறியது ஒரு பட்டாசுப் பெட்டி லேபிள். வெடியைக் கையில் பிடித்துக் கொளுத்தக் கூடாது என்ற எச்சரிக்கை, பட்டாசுக் கம்பெனி கேட்டபடி, முகப்பிலேயே இருந்தது. புது ஃபோர்மேன் தாளைச் சாமி படத்தின் முன் வைத்து, குங்குமத்தைத் தொட்டு, வழக்கப்படி நடுவில் வைக்கப் போனார். நடுவில்தான் அந்த வரி இருந்தது.

"மூலையில வைங்க தம்பி" என்றார் அப்பா, கட்டிங் மெஷின் பக்கமிருந்து. "எழுத்து மறையுது."