சீகலுக்கு வைத்த அமாவாசைச் சோறு

கோபம் வந்தால் எனக்குக் காது சூடாகும். அந்த மார்கழி அமாவாசையை நினைத்தால் இன்றைக்கும் சூடாகிறது.

தொண்ணூறுகளில் ஆக்லாந்தில், பிளாக்ஹவுஸ் பேயில் வாடகைக்கு இருந்தோம். கொஞ்ச தூரம் காரில் போனால் கடலோரமாக ஒரு கிளிஞ்சல் மேடு. டாட்டரல் என்ற பறவை அங்கே முட்டையிடும். நம்மூர் உப்புக்கொத்திக்குச் சொந்தம். கூடு என்று பெயர்தான், மணலில் ஒரு குழி. பார்க்காமல் மிதித்துவிட்டுப் போய்விடுவார்கள். அதனால் சுற்றிலும் கயிறு கட்டி, பலகை நட்டு, என்னைப் போன்ற தொண்டர்கள் முறை வைத்துக் காவல் இருந்தோம். நாயை அவிழ்த்துவிடும் துரைமார்களோடு நான் போட்ட சண்டையில்தான் என் ஆங்கிலமே தேறியது.

அந்த வருஷம் அந்த மேட்டில் ஒரே ஜோடி. ஒரு முட்டையைக் கடல் கொண்டுபோயிற்று. பொரித்த இரண்டில் ஒரு குஞ்சை நாய் கவ்விக்கொண்டு போயிற்று. மிஞ்சியது ஒன்றே ஒன்று. அது ஓடும், நிற்கும், இறக்கையை அடித்து முழங்கால் உயரம் எழும்பும், பொத்தென்று விழும். உடனே ஒன்றும் நடக்காததுபோல் மறுபடி ஓடும். பறந்துவிட்டால் பிழைத்துக்கொள்ளும், இந்த வாரமே பறந்துவிடும் என்று எங்கள் குழுவை நடத்திய அம்மாள் சொல்லியிருந்தார். ரிட்டயரான டீச்சர், அநாவசியமாக நம்பிக்கை கொடுக்கிறவர் இல்லை. நான் வேலைக்கு லீவு போட்டுவிட்டு அங்கே போய் உட்கார்ந்துகொண்டேன்.

என் கணவர் கதை வேறு. விசா கைக்கு வராத நேரத்தில் ஊரில் அவருடைய அப்பா போய்விட்டார். கொள்ளி வைக்கக்கூடப் போக முடியவில்லை. அன்றிலிருந்து ஒரு அமாவாசை தவறாது. குளித்து, விரதம் இருந்து, காக்கைக்குச் சோறு வைத்துவிட்டுத்தான் சாப்பிடுவார். ஆனால் ஆக்லாந்தில் காக்கை ஏது? கொல்லையில் வைத்தால் மைனாதான் வரும். மைனா வந்தால் அப்பா வந்த மாதிரி இல்லை என்பார். விரி என்ற பகுதியில் அவரோடு கிடங்கில் வேலை பார்த்த மலேசியாக்காரர் ஒருவர், கடற்கரையில் வைத்தால் சீகல் என்ற கடல்பறவை வரும், கூப்பிட்டால் கூட்டமாக வரும் என்று வழி சொல்லிக் கொடுத்தார். புண்ணியவான்!

செய்துகொள்ளட்டும், எனக்கென்ன. ஒன்றே ஒன்றுதான் சொன்னேன். எந்தக் கரையில் வேண்டுமானாலும் வையுங்கள், கிளிஞ்சல் மேட்டில் மட்டும் வேண்டாம். சோறு விழுந்த இடத்தில் கருப்பு முதுகுள்ள பெரிய சீகல்கள் இறங்கும், அவற்றுக்குச் சோறும் ஒன்றுதான், குஞ்சும் ஒன்றுதான். பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல் சரி என்றார். அந்தச் சரியை நம்பினேன் பாருங்கள்.

அன்று காலை வெங்காயம் பூண்டு இல்லாமல் சமைத்து, வாழைக்காய்ப் பொரியல்வரை மூடி வைத்துவிட்டுத்தான் மேட்டுக்குப் போனேன். அமாவாசை அலை ஏறி, அவர் வழக்கமாகப் போகும் கரை முழுகியிருக்கிறது. காய்ந்த இடம் தேடி நேராக இங்கே வந்திருக்கிறார். கயிற்றுக்கு வெளியேதான் நின்றார், அதைச் சொல்லியாக வேண்டும். அலுமினியத் தட்டைக் கீழே வைத்து, இரண்டு கையையும் தூக்கி, "கா, கா" என்று கூப்பிட்டார். சீகலைப் பார்த்து!

மேட்டின் மறுகோடியில் இருந்த நான் கத்திக்கொண்டே ஓடினேன். காற்றில் அவருக்குக் கேட்கவில்லை. வானம் முழுக்கச் சிறகு. தாய்ப் பறவை ஒற்றைச் சிறகை இழுத்துக்கொண்டு நொண்டுவதுபோல் நடித்து, சீகல்களைத் திசைதிருப்ப அவற்றின் முன்னால் ஓடியது. ஒன்றும் ஏமாறவில்லை. அப்போதுதான் குஞ்சு எழும்பியது. முழங்கால் உயரம் இல்லை, என் தலைக்கு மேலே. நிஜமாகவே பறந்தது. பெரிய சீகல் ஒன்று பக்கவாட்டில் வந்து அதைக் கவ்விக்கொண்டுபோய், தட்டுக்குப் பக்கத்தில் இறங்கி விழுங்கியது. பிறகு சோற்றைக் கொத்தியது.

நான் போய்ச் சேர்ந்தபோது அவர் கண்ணை மூடிக் கைகூப்பி நின்றிருந்தார். கண் திறந்து சோறு குறைந்ததைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது. "அப்பா வந்துட்டார், பாத்தியா" என்றார்.

"வந்தார். குஞ்சைத் தின்னுட்டுத்தான் உங்க சோத்தைத் தொட்டார். திருப்தியா?"

அவர் முகம் செத்துப்போயிற்று. டீச்சரம்மாள் தூரத்தில் பைனாகுலரைக் கழற்றிக்கொண்டு எங்களை நோக்கி வந்துகொண்டிருந்தார். என் கணவர் மெதுவாகத்தான் சொன்னார். "எங்கப்பா செத்தப்ப நீ ஒரு சொட்டுக் கண்ணீர் விடலையே."

"உங்கப்பாவைக் கல்யாணத்தன்னிக்குத்தான் பாத்தேன். இதை நான் முட்டையிலேர்ந்து பாத்தேங்க."

டீச்சரம்மாள் வந்து சேர்ந்தார். தட்டைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், இந்த ஆள் யார் தெரியுமா என்று என்னிடம் கேட்டார். தாய்ப் பறவை இன்னும் நொண்டிக்கொண்டிருந்தது.

தெரியாது என்றேன்.