மாமா சோப்பு வைத்து அடைத்த தொட்டி

சித்தியைப் பெண் பார்க்கச் சிதம்பரத்திலிருந்து ஆட்கள் வருகிற அன்றைக்கா மாமா அந்த வண்டியைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்த வேண்டும்? கடலூரில் வேறு இடமே இல்லையா? பழைய வேனுக்குள் கட்டில், அடுப்பு, கக்கூஸ் எல்லாம் வைத்து, பிச்சாவரம் பார்க்க வருகிறவர்களை அழைத்துப் போவது மாமாவின் தொழில். "பொண்ணோட அண்ணன் சொந்தமா கேரவன் வச்சிருக்கான்னு அவுங்களுக்குத் தெரிய வேணாமா?" என்று அம்மாவின் வாயை அடைத்துவிட்டார்.

வண்டிக்கடியில் கழிவுநீர்த் தொட்டி. முந்தின சவாரியில் நிறைந்ததை இன்னும் காலி செய்யவில்லை. அது சொட்டுவதை முதலில் பார்த்தது நான்தான். மாமா குனிந்து பார்த்தார். குளிக்கிற சோப்பை எடுத்துவந்து பிசைந்து அப்பினார்.

"டீசல் டேங்க் ஓட்டையே இதுல நின்னுடும். இது இன்னா பெரிய விஷயம்!"

டீசலில் கரையாத சோப்பு தண்ணீரில் கரையும் என்பது பாவம், அந்த அவசரத்தில் அவருக்குத் தோன்றவில்லை. சொட்டு நின்றதும் சட்டை மாற்றப் போய்விட்டார்.

வந்தவர்கள் கோலத்தை ஒட்டிச் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே உட்கார்ந்தார்கள். எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. எட்டிப் பார்த்தேன். ஐயோ! கோலத்தின் மேல் நுரை. கல்யாணம் நின்றுவிடுமே! அம்மாவிடம் ஓடினேன், கண்ணை உருட்டினாள். மாமாவிடம் ஓடினேன், அவர் மாப்பிள்ளையின் அப்பாவிடம் மைலேஜ் பேசிக்கொண்டிருந்தார்.

காலையிலிருந்து அழுது முகம் வீங்கிய சித்தி, உள்ளறையில் தலை நிறையப் பூவோடு உட்கார்ந்திருந்தாள்.

"சித்தி, நாத்தத் தண்ணி அவுங்க செருப்புகிட்ட வருது!"

"நெசமாவா? இன்னும் எவ்ளோ தூரம் இருக்கு?"

"கிட்ட வந்துடுச்சு!"

"யாருகிட்டயும் சொல்லாத." என்னை மடியில் இழுத்து வைத்து வாயில் கேசரியைத் திணித்தாள்.

கிளம்பும்போது மாப்பிள்ளையின் அம்மா நுரைக்குள் செருப்பைத் தேடினார். முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டே, "ஊருக்குப் போய்த் தகவல் சொல்றோம்" என்றார். அம்மா அப்படியே நிலைப்படியில் உட்கார்ந்து அழுதாள். மாமாவைத் திட்டாத வாயில்லை.

சித்தி மட்டும் பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, பிளீச்சிங் பவுடர் போட்டு வாசலைக் கழுவினாள். வாய் ஏதோ பாட்டை முணுமுணுத்தது. மாமாவுக்குத் தட்டு நிறைய பஜ்ஜி வைத்து, "சாப்புடுண்ணா" என்று தலையைத் தடவிவிட்டாள்.

அவமானத்தில் சித்திக்குப் புத்தி கலங்கிவிட்டது என்று எனக்குத் துக்கம் தாளவில்லை. தெருமுனைப் பிள்ளையாரிடம் ஓடி, எப்படியாவது அந்த மாப்பிள்ளையையே சித்திக்குக் கட்டிவைத்துவிடு சாமி என்று அழுது அழுது வேண்டிக்கொண்டேன்.