பறக்கிற கடா

தையலக்கா கையில் எந்தத் துணியைக் கொடுத்தாலும் முதலில் அதைத் திருப்பிப் பின்பக்கத்தைத்தான் பார்ப்பாள். முன்னால் தோட்டமே பூத்திருந்தாலும் சரி, பின்னால் முடிச்சும் நூல் வாலும் தொங்கினால் போச்சு, முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாள். "கோயில்ல தொங்கப்போற துணி. சனங்க முன்னாலேர்ந்து பாப்பாங்க, சாமி பின்னாலேர்ந்துல்ல பாக்கும்" என்பாள். அவள் ஊசியால் பூப்போட்ட துணியில் எது முன்பக்கம் எது பின்பக்கம் என்று கண்டுபிடிக்க, துணி வாங்க வந்தவர்கள் ஜன்னல் வெளிச்சத்துக்குப் போக வேண்டியிருக்கும்.

சாவி வெட்டும் கடைக்கு மேலே இரண்டு அறை. முன் அறையில் எதிரெதிரே இரண்டு மேசை, சுவர் முழுக்க நூல்கண்டு. சுற்று வட்டாரத்து மாதா கோயில்களின் பீடத் துணி, சாமியார்களின் பூசை உடுப்பு எல்லாம் அந்தக் குறுகலான படியேறித்தான் வந்து போகும். திராட்சைக் கொத்தா, கோதுமைக் கதிரா, மீனா, நங்கூரமா, கொடி பிடித்த செம்மறியா, கண்ணை மூடிக்கொண்டு போடுவாள். அப்படி ஒரு கை. அந்தக் கைக்கு இருந்த பொறுமையில் கால்வாசி நாக்குக்கும் இருந்திருந்தால் எதிர் மேசை காலியாகக் கிடந்திருக்காது.

எதிர் மேசை மகளுடையது. மகளுக்கும் நல்ல கை. ஆனால் அவசரக் கை. ஒருநாள் அவள் வாரக்கணக்கில் உட்கார்ந்து முடித்த பீடத் துணியைத் தையலக்கா திருப்பிப் பார்த்தாள். பார்த்தவள், துணி வாங்க வந்தவர்கள் நின்றுகொண்டிருக்கும்போதே கத்தரியை எடுத்து மொத்தத்தையும் பிரித்துப் போட்டாள். கீழே விழுந்த துண்டுகளை மகள் பொறுக்கி மேசைமேல் வைத்தாள். பிறகு, "நூல்மேல இருக்கிற பாசத்துல ஒரு இழை உனக்கு என்மேல கிடையாது. நீயெல்லாம் ஒரு அம்மா" என்று முகத்துக்கு நேரே சொன்னாள். தையலக்காவுக்குக் கொடுத்துத்தான் பழக்கம், வாங்கிப் பழக்கமில்லை. "எனக்குப் பொண்ணே இல்ல. இருந்தவ செத்துட்டா" என்றாள்.

மகள் அன்றைக்கே பையைத் தூக்கிக்கொண்டு படி இறங்கினாள். ஊரின் அடுத்த கோடியில், சட்டை தைக்கும் கம்பெனி ஒன்றில் காலர் தைக்கச் சேர்ந்தாள். தனியாக அறை எடுத்துத் தங்கினாள். அவள் வந்து தப்பென்று சொல்லட்டும், அப்புறம் பேசலாம் என்று தையலக்கா இருந்தாள். ஒரு வருஷம் ஓடிப்போனது. மகள் வரவில்லை. யாராவது விசாரித்தால், "எனக்கேது பொண்ணு?" என்று நூலைப் பல்லால் கடித்துத் துண்டிப்பாள். வீட்டுக்காரர் மட்டும் மொட்டைமாடிக்குப் போய் மகளோடு போனில் பேசிவிட்டு வருவார். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், ரகசியம் பேசும்போதும் கடைசி சீட்டுக்குக் கேட்கிற குரல். தையலக்கா கேட்காதது மாதிரியே துணியைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

அந்த வீட்டுக்காரர் வாங்கி வைத்த ஆர்டரில்தான் எல்லாம் ஆரம்பித்தது. பங்குச் சாமியார் போன் செய்தபோது தையலக்கா குளித்துக்கொண்டிருந்தாள்.

"நற்கருணை அப்பம் வைக்கிற பேழைக்கு முன்னால தொங்குற திரையாம். கூழைக்கடா போடணுமாம். நெஞ்சுல ரத்தம் வடியணுமாம், சுத்தி மூணு பிள்ளைங்க இருக்கணுமாம்" என்றார் வீட்டுக்காரர், அவள் வெளியே வந்ததும்.

"கூழைக்கடாவா? வால் கூழையா இருக்கிற கடாவா?"

"அதாத்தான் இருக்கும். நான் என்ன ஆட்டு வியாபாரமா பண்ணேன்?"

"கடாவுக்கு எதுக்குங்க பிள்ளைங்க? அது ஆம்பளையாச்சே."

"ஏன், ஆம்பளைன்னா பிள்ளைங்கள பக்கத்துல வச்சுக்கக்கூடாதா?" என்று கேட்டுவிட்டு மொட்டைமாடிக்குப் போய்விட்டார்.

தையலக்கா யோசித்துப் பார்த்தாள். செம்மறி வேதத்தில் உண்டு, ரத்தம் உண்டு, எல்லாம் சரியாகத்தான் இருந்தது. வெள்ளைப் பட்டு நூலில் சுருள் சுருளாக ரோமம், பொன் இழையில் முறுக்கிய கொம்பு, பின்னால் ஒட்ட நறுக்கினாற்போல் ஒரு வால், மார்பில் செந்நூல் துளிகள், காலடியில் மூன்று குட்டிகள். பார்ப்பவர்கள் தடவிக் கொடுக்கக் கை நீட்டுகிற மாதிரி ஒரு கடா.

சாமியார் வந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார்.

"இது என்னம்மா?"

"கூழைக்கடா, ஃபாதர்."

"வால் ஏம்மா இப்படி?"

"கூழையாச்சே."

அவர் நாற்காலியைத் தேடி உட்கார்ந்துதான் சிரித்து முடித்தார். "அம்மா, கூழைக்கடான்னா பறவை. நீளமான அலகு, அலகுக்குக் கீழ பை மாதிரி தொங்கும். ஏரியில மீன் புடிக்கும்."

"ஆட்டுக்கடா கேள்விப்பட்டிருக்கேன், எருமைக்கடா கேள்விப்பட்டிருக்கேன். பறக்கிற கடாவ யார் கண்டா?" என்றாள் தையலக்கா. வெட்கமெல்லாம் படவில்லை. பேர் வைத்தவன்தான் படவேண்டும் என்பது அவள் கட்சி. ஆனால் கையில் எடுத்த வேலையைத் தெரிந்துகொள்ளாமல் விடமாட்டாள். "சரி ஃபாதர், பறவைக்கு எதுக்கு நெஞ்சுல ரத்தம்? யார் சுட்டாங்க?"

"யாரும் சுடல. பஞ்ச காலத்துல குஞ்சுங்களுக்கு இரை கிடைக்காம, தாய் தன் மார்பையே அலகால குத்தி, ரத்தத்தை ஊட்டுச்சாம். இயேசு தன்னையே நமக்கு உணவா குடுத்தார் இல்லையா, அதுக்கு அடையாளம்."

"ஏரிப் பறவைன்னீங்க. மீன் புடிச்சுப் போட்டா ஆகாதா?"

சாமியாருக்கு அவளிடம் பிடித்ததே இதுதான். வேறு யாராக இருந்தாலும் தலையாட்டிவிட்டு ஊசியை எடுத்திருப்பார்கள். அவர் நாற்காலியோடு இன்னும் பக்கத்தில் நகர்ந்துகொண்டார். "உண்மையில அது மீனைத்தான் குடுக்குது. பையில இருக்கிறதக் குஞ்சுக்கு எடுத்துக் குடுக்க அலகை மார்போட சேத்து அழுத்தும். தூரத்துலேர்ந்து பாத்தவங்க குத்திக்குதுன்னு நெனச்சிருக்கலாம். ஆனா பஞ்சக் கதை பின்னால பரவினது. பழைய கதை வேற. ரொம்ப காலத்துக்கு முன்னால, கிரேக்க மொழியில மிருகங்களப் பத்தி எழுதி வச்ச கதை."

"அது என்ன கதை?"

"குஞ்சுங்க கொஞ்சம் வளந்ததும் பெத்தவங்க முகத்துலயே கொத்துமாம். பெத்ததுங்களுக்குக் கோவம் வந்து திருப்பிக் கொத்தும். அந்தக் கொத்துல குஞ்சுங்க செத்துப்போயிடும். அப்புறம் அழுதுக்கிட்டே கிடக்குங்க. மூணாம் நாள் தாய் தன் விலாவைக் கிழிச்சு, செத்துக்கிடக்கிற குஞ்சுங்கமேல ரத்தத்த விடும். குஞ்சுங்க உயிரோட எழுந்திரிச்சிடும். கடவுள் முகத்துல அடிச்ச மனுஷங்களுக்கு, கடவுளே வந்து ரத்தம் சிந்தினார்னு அந்தக் காலத்துக் கிறிஸ்தவங்க இதுல பாத்தாங்க. பின்னால வந்தவங்களுக்கு அந்தக் கோவம் பிடிக்கல போல. அத எடுத்துட்டு, பஞ்சத்த வச்சுட்டாங்க."

தையலக்கா கையிலிருந்த நூலைக் கீழே வைத்தாள்.

"கொன்னதும் பெத்தவதான், உயிர் குடுத்ததும் அவதானா?"

"அதேதான்."

"குஞ்சுங்க வந்து தப்புன்னு சொல்லலியா?"

"செத்துப்போன குஞ்சு எப்படிம்மா வரும்?" என்றார் சாமியார், சாதாரணமாக. படம் அனுப்புவதாகச் சொல்லிவிட்டுப் படி இறங்கிப் போனார்.

படம் வந்தது. புதுப் பட்டுத் துணியைச் சட்டத்தில் பூட்டித் தையலக்கா பறவையை ஆரம்பித்தாள். கழுத்தை வளைத்தாள், சிறகை விரித்தாள், அலகை மார்பில் பதித்தாள். எல்லாம் அவள் கைக்குத் தண்ணீர் பட்ட பாடு. குஞ்சுகளுக்கு வந்தபோது ஊசி நின்றுவிட்டது. வாய் திறந்த குஞ்சுதான் படத்தில் இருந்தது. அவளுக்கோ அது வாய் திறந்து என்ன சொல்கிறது என்று தெரிந்தது. ஒரு குஞ்சைப் பாதி போட்டாள், பிரித்தாள். மறுபடி போட்டாள், மறுபடி பிரித்தாள். வீட்டுக்காரர் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்.

"என்னங்க" என்று கூப்பிட்டாள். "அவ கம்பெனி எங்க இருக்கு?"

"எவ கம்பெனி?"

"மாடில நின்னு ஊருக்கே கேக்குற மாதிரி பேசுறீங்களே, அவ கம்பெனி."

அவர் எந்த பஸ், எங்கே இறங்கவேண்டும், எந்தப் பக்கம் உட்கார்ந்தால் வெயில் படாது என்பது வரை சொன்னார். கூட வருகிறேன் என்றதற்கு மட்டும் வேண்டாம் என்றாள். நாக்கால் ஊரையே ஆட்டிவைத்த பொம்பளை, பஸ்ஸில் போகிற வழியெல்லாம் சொல்ல ஒரு வார்த்தை கிடைக்காமல் உட்கார்ந்திருந்தாள். பயமாக இருந்தது. மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டால் அதற்குமேல் போக ஒரு இடமும் இல்லை.

சாப்பாட்டு நேரம். கம்பெனி கேட்டுக்குப் பக்கத்தில் தகரக் கொட்டகை, அதன் கீழே ஒரு சிமெண்ட் பெஞ்சு. காவலாளி சொல்லி அனுப்ப, மகள் தலையில் பஞ்சுத் தூசியோடு வெளியே வந்தாள். இளைத்திருந்தாள். அம்மாவைப் பார்த்ததும் நான்கு தப்படி தள்ளியே நின்றுவிட்டாள்.

"செத்துப்போனவளப் பாக்க வந்தியா?"

"ஆமா" என்றாள் தையலக்கா. "செத்தவ எப்படி வருவா? கொன்னவதானே வரணும்."

இத்தனை மாதமாக மகள் மனசுக்குள் ஒத்திகை பார்த்துவைத்த சண்டையில் அம்மா இப்படி ஒரு வார்த்தை பேசியதே கிடையாது. பிறகுதான் கோபம் வந்தது. வந்தது என்றால் அப்படி வந்தது.

பிரித்துப் போட்ட பீடத் துணியில் ஆரம்பித்தாள். அத்தனை பேர் முன்னால் அவமானப்படுத்தியதைச் சொன்னாள். காய்ச்சலில் கிடந்தபோதுகூடப் பட்டன் கட்டச் சொன்னதை, பள்ளிக்கூட விழாவுக்கு வராமல் போனதை, வந்த விழாவிலும் மடியில் துணியோடு உட்கார்ந்திருந்ததைச் சொன்னாள். அதில் நியாயமும் இருந்தது, நியாயமில்லாததும் இருந்தது. பள்ளிக்கூட விழாவுக்கு வராததற்குத் தையலக்காவிடம் நல்ல காரணம் இருந்தது. அது நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கினாள். காய்ச்சலன்று இரவு முழுக்க ஈரத்துணி போட்டது யார் என்று கேட்கத் துடித்தது. அதையும் விழுங்கினாள். பெஞ்சில் நிமிர்ந்து உட்கார்ந்து, மகளின் முகத்தைப் பார்த்தபடி ஒவ்வொன்றையும் வாங்கிக்கொண்டாள். அவளுக்கு அது எவ்வளவு பெரிய காரியம் என்று அவளோடு ஒருநாள் குடித்தனம் செய்தவர்களுக்குத்தான் தெரியும்.

உள்ளே மணி அடித்தது. மற்றவர்கள் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து போனார்கள். மகள் அழுதுகொண்டிருந்தாள், பேச்சையும் நிறுத்தவில்லை. மேஸ்திரி கேட்டருகே வந்து அவளைக் கூப்பிட்டார்.

"நான் இன்னும் முடிக்கல" என்றாள் மகள், மூக்கை உறிஞ்சியபடி.

தையலக்கா பெஞ்சில் இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளி, சாய்ந்து உட்கார்ந்துகொண்டாள்.

"போய் வேலையப் பாரு. வந்து மிச்சத்தச் சொல்லு. நான் இங்கதான் இருக்கேன்."