கொசுவத்தை முழங்கால் என்ற கணினியும் எங்கள் ஜீனத்தும்

செம்பூர் மார்க்கெட்டில் கீரை வாங்கிக்கொண்டிருந்தபோது கல்லூரி வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தது. ஜீனத் மேடம் மாரடைப்பில் காலமானார், மாலையில் அடக்கம். யாரோ விஷயம் தெரியாமல் போட்டிருக்கிறார்கள் என்று எரிச்சலோடு ஜீனத்தின் எண்ணுக்கே போன் செய்தேன். மகள் எடுத்தாள். எடுத்ததும் அழுதாள். கீரையைக் கடையிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டேன்.

சயானில் எங்கள் பிசியோதெரபி கல்லூரியில் படித்த உங்களுக்கு அவரை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. தாராவியில் பிறந்து வளர்ந்தவர். நோயாளி விவரங்களைக் கணினியில் பதிவது, வீடியோ அழைப்பில் பயிற்சி கொடுப்பது, மூட்டு எவ்வளவு மடங்குகிறது என்று போனில் அளப்பது, இவைதான் அவர் பாடம். உடற்பயிற்சி சிகிச்சைப் பாடம் நடத்தும் நானும் அவரும் ஒரே அறையில் உட்கார்ந்து சண்டை போட்டுக்கொண்டே சிநேகிதிகளானோம்.

ஒருமுறை ஒரு மாணவன், நடக்கத் தொடங்கிய நோயாளியின் வீடியோவைப் பெருமையாகக் குழுவில் போட்டுவிட்டான். ஜீனத் உடனே அழிக்க வைத்தார். அதோடு விட்டாரா? "அரே, அந்தம்மா நைட்டியில நிக்காவ. ஒங்கம்மாவ இப்படிப் போடுவியாலே?" என்று திட்டி, கையோடு கூட்டிப்போய் அந்த அம்மாவிடம் மன்னிப்புக் கேட்க வைத்தார்.

அவர் வகுப்புக்கே ஆபத்து வந்தது. "பிசியோவுக்குக் கைதான் வேணும், கம்ப்யூட்டர் எதுக்கு?" என்று முதல்வர் அதை எடுத்துவிடப் பார்த்தார். முடிவு செய்வதற்கு முன் ஒருநாள் வந்து பின்வரிசையில் உட்கார்ந்தார். முழங்கால் அறுவைசிகிச்சை செய்துகொண்ட தாராவி செல்லக்கனி அக்கா நாற்காலியில் உட்கார்ந்து காலை மடக்க, மாணவி போனில் படம் பிடித்தாள். திரையில் அருமையான அளவு வந்தது. பிள்ளைகள் கைதட்டினார்கள். முதல்வரே தலையாட்டினார். அப்பாடா, வகுப்பு பிழைத்தது என்று நினைத்தேன்.

"நிறுத்துங்க" என்றார் ஜீனத். "அது அக்கா முட்டி இல்ல. சீலைக் கொசுவம்."

"அதானே பாத்தேன்! நேத்து வரைக்கும் மடங்காதது இன்னைக்கு எப்படி மடங்குச்சின்னு!" என்று அக்கா சிரித்தார்.

பாவி, காரியத்தைக் கெடுத்தாளே என்று நான் தலையில் கைவைத்தேன். திரைச்சீலைக்குப் பின்னால் அக்காவுக்கு அரைக்கால் சட்டை கொடுத்து மறுபடி அளந்தார்கள். முன்பு காட்டியதில் பாதிகூட இல்லை. முதல் அளவை நம்பிச் சிகிச்சையை நிறுத்தியிருந்தால் அக்கா தன் வீட்டு இரும்பு ஏணியில் ஏறியிருக்கவே முடியாது.

"அப்ப இந்த மெஷினால என்ன பிரயோஜனம்?" என்றார் முதல்வர்.

"சார், இந்தப் பிள்ளைக நாளைக்கு வேல பாக்கப்போற எடமெல்லாம் மெஷின்தான். அது தப்பாக் காட்டுதுன்னு சொல்ல ஒரு ஆள் வேண்டாமா? அந்த ஆளத்தான் நான் தயார் பண்ணுதேன்."

முதல்வர் எழுந்து போனார். வகுப்பு அட்டவணையிலேயே நிலைத்து நின்றது. அந்தத் துணிச்சல் எனக்குச் சத்தியமாக வராது.

போன வாரம் ஆசிரியர் கூட்டத்தில், ஆள் இல்லாததால் ஜீனத்தின் வியாழக்கிழமை வகுப்பை வேறு பாடத்துக்குக் கொடுக்கலாம் என்றார்கள். எனக்கு வந்ததே கோபம்! "நான் எடுக்கிறேன்" என்று சொல்லிவிட்டேன். கணினி என்றால் எனக்கு இன்றும் உதறல்தான். முதல் நாளே ஒரு பெண் போனை நீட்டி, "மேடம், இது கரெக்டா?" என்றாள்.

"தெரியலம்மா. வா, திரும்ப அளப்போம்" என்றேன்.

ஜீனத்திடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்த வியாழக்கிழமை ஒரு மணி நேரத்தை. அதை யாருக்கும் கொடுப்பதாக இல்லை.