மதிலோரத்துக் கிணறு

பிரதீபா மிஸ்ஸி இப்போதெல்லாம் கர்ப்பிணிப் பெண் இருக்கும் வீட்டுக்குப் போனால், கதிரையில் இருப்பதற்கு முன்னமே ஒன்றைக் கேட்டுவிடுவார்.

"கக்கூஸ் குழி எங்கை கிடக்கு? ஒருக்காக் காட்டுங்கோ."

பிள்ளையின் நிறை, தாய்க்குக் கொடுத்த இரும்புச்சத்துக் குளிசை எல்லாம் பிறகுதான். பின்பக்கம் கிடக்கிறது என்று வாயால் சொன்னால் நம்பமாட்டார். வளவைச் சுற்றி வந்து கண்ணால் பார்க்கவேண்டும். பக்கத்து வீட்டுக் கிணறு எங்கே இருக்கிறது என்று மதிலுக்கு மேலால் எட்டியும் பார்க்கவேண்டும். புதிதாகக் கலியாணம் முடித்து வந்த பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். எங்கள் ஒழுங்கைக்காரர் ஒருவரும் சிரிப்பதில்லை. காரணம் எங்களுக்குத் தெரியும். அதை மிஸ்ஸியே எங்கள் எல்லோருக்கும் சொல்லியிருக்கிறார். நான் எழுதுவதும் அவர் சொன்னதைத்தான். இதை எழுதலாமா என்று கேட்டபோது, "எழுதுங்கோ, பேரையும் போட்டு எழுதுங்கோ" என்றார்.

எங்கள் சின்னத் தெருவுக்கு மாந்தோட்ட ஒழுங்கை என்று பெயர். பெயரில் மட்டும்தான் மா. முன்னர் இந்த இடம் முழுவதும் கறுத்தக்கொழும்பானும் அம்பலவியுமாக மாமரங்கள் நின்ற ஒரே தோட்டம். சொந்தக்காரர்கள் லண்டனுக்குப் போய்விட்டார்கள். சண்டை முடிந்து சில வருடங்களில் அவர்களுடைய பிள்ளைகள் வந்து, மரங்களைத் தறித்து, நடுவால் ஒழுங்கை விட்டு, காணியைத் துண்டு துண்டாக விற்றார்கள். வாங்கிய நாங்கள் ஆளுக்கொரு மாடி, ஆளுக்கொரு மதில் என்று எழுப்பிவிட்டு, மாம்பழம் தின்ன ஆசை வந்தால் பக்கத்துத் திருநெல்வேலிச் சந்தைக்கு ஓடுகிறோம். மனிதர் செய்யும் வேலை அப்படி.

தோட்டத்தில் மிஞ்சியது ஒன்றே ஒன்று, பழைய கிணறு. அது றோஸ் ரீச்சர் வாங்கிய துண்டுக்குள், பின் மூலையில் அகப்பட்டது. ரீச்சர் மிஷன் பள்ளிக்கூடத்தில் படிப்பித்து ஓய்வுபெற்றவர். கணவர் இல்லை. மகன் ஜெறோம் கொழும்பில் வேலை செய்கிறான். நாங்கள் அடித்த குழாய்க் கிணறுகளில் எல்லாம் வாயில் வைக்க முடியாத சவர்த் தண்ணீர். ரீச்சரின் கிணற்றில் மட்டும் நல்ல தண்ணீர். "என்ரை கேற் திறந்துதான் கிடக்கும், வந்து அள்ளுங்கோ" என்றார் ரீச்சர். ஒழுங்கை முழுவதும் தண்ணீர் பிடிக்கும் கானோடு அங்கேதான் போனது.

ரீச்சருக்குக் கிழக்குப் பக்கத்துத் துண்டு பிரதீபா மிஸ்ஸியுடையது. எங்கள் பகுதியின் குடும்பநல மாது, மருத்துவிச்சி அவர். மழையோ வெயிலோ, தொப்பிக்கு மேல் ஹெல்மெட் போட்டுக்கொண்டு ஸ்கூட்டியில் திரிவார். எங்கள் பிள்ளைகளின் முதல் ஊசியில் இருந்து பள்ளிக்கூடம் போகும்போது இருந்த உயரம் வரை அவருக்கு மனப்பாடம். தண்ணீர் கொதிக்கவைத்து ஆறவைக்காத வீட்டில் அவர் ஒரு மிடறு தேநீரும் குடித்ததில்லை. கிணற்றுக்குப் பக்கத்தில் குழி வெட்டக்கூடாது, எங்கள் மண்ணுக்குக் கீழே இருப்பது ஓட்டை விழுந்த சுண்ணக்கல், மேலே ஊற்றுவது எல்லாம் கீழே போய்ச் சேரும் என்று கிளினிக்கில் அவர் எடுக்காத வகுப்பில்லை.

பிரதேச சபை பாஸ் பண்ணிய வீட்டுப் படத்தில் மிஸ்ஸியின் குழி முன்பக்கத்தில், ஒழுங்கை ஓரமாக, தென்கிழக்கு மூலையில் இருந்தது. எந்தக் கிணற்றுக்கும் அது கிட்ட இல்லை. அத்திவாரம் வெட்டுகிற கிழமையில், வளவின் எந்த மூலையில் எது வரவேண்டும் என்று நிலையம் பார்க்கிற சாத்திரியார் வந்தார். படத்தைப் பார்த்ததும் முகத்தைச் சுளித்தார்.

"அக்கினி மூலையிலை அசுத்தம் வரப்படாது, பிள்ளை. வீட்டுப் பெண்ணுக்கு ஆகாது. குழியைத் தூக்கி வாயு மூலைக்குக் கொண்டுபோம்."

வீட்டுப் பெண் என்றால் மகள் கீர்த்திகா. அவளுக்குப் பேசி முடித்த கலியாணம் ஒன்று அப்போதுதான் குழம்பிப்போயிருந்தது. அழுதழுது மெலிந்துபோன பிள்ளையைப் பார்த்துக்கொண்டு, எந்தத் தாய்தான் சாத்திரியாரோடு வாதாடுவாள்? வாயு மூலை என்பது வடமேற்கு. ரீச்சரின் கிணறு நின்றது அவருடைய வளவின் வடகிழக்கில். இரண்டு வளவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: இந்த மூலையும் அந்த மூலையும் ஒரே மதிலின் இரண்டு பக்கம். சாத்திரம் ஒவ்வொரு வளவையும் தனித்தனியாகத்தான் பார்க்கும். பக்கத்து வீட்டுக்காரன் தண்ணீர் குடிப்பான் என்பது அதில் இல்லை.

மேசன் பஞ்சலிங்கம் மண்வெட்டியைப் போட முன்னம் கேட்டார்.

"மிஸ்ஸி, மதிலுக்கு அங்காலை ரீச்சரின்ரை கிணறெல்லோ கிடக்கு?"

"அதுதான் மதில் இருக்குதே, அண்ணை. நீங்கள் வெட்டுங்கோ" என்றார் மிஸ்ஸி.

நிலத்துக்குக் கீழே மதில் இல்லை என்பது ஊருக்கெல்லாம் வகுப்பு எடுத்த அவருக்குத் தெரியாதா? தெரியும். "சொல்லேக்கையே தெரியும்" என்றுதான் என்னிடமும் சொன்னார். குழிக்கு மேலே கொங்கிறீற் மூடி போட்டு, அதற்கு மேலே குறோட்டன் சாடிகளை அடுக்கினார். வீடு குடிபுகுந்ததும் இன்னொன்றும் செய்தார். ரீச்சரின் கிணற்றில் தண்ணீர் அள்ளுவதை நிறுத்திவிட்டுக் கடையில் கான் தண்ணீர் வாங்கத் தொடங்கினார். ஏன் என்று ரீச்சர் கேட்டதற்குத் தொண்டைக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றார். "என்ரை தண்ணி உமக்கு மட்டும் ஒத்துக்கொள்ளேல்லையாக்கும்" என்று ரீச்சர் கொஞ்ச நாள் மனவருத்தத்தோடு திரிந்தார். அந்த வருத்தத்தைப் பார்த்தபோதே தன் மனச்சாட்சி குத்தியது என்கிறார் மிஸ்ஸி. குத்தினாலும் வாய் திறக்கவில்லை. கீர்த்திகாவுக்குக் கலியாணமும் சரிவந்தது. இனி அந்தக் குழியை யார் அசைப்பார்?

போன வருட மாரியில், ரீச்சரோடு இருக்கும் மருமகள், ஜெறோமின் மனைவி நிரோஜாவின் கைக்குழந்தைக்கு வயிற்றோட்டம் பிடித்தது. நிரோஜா மன்னார்ப் பக்கத்துப் பெண், வாய் அதிராதவள். பால் போதாமல் ஒரு நேரம் மட்டும் பிள்ளைக்குப் போத்தலில் பால்மா கரைத்துக் கொடுத்துவந்தாள். கண் குழி விழுந்து, தலை சரிந்த பிள்ளையை ஓட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். வாட்டில் போட்டுச் சேலைன் ஏற்றினார்கள். செய்தி கேட்டதும் மிஸ்ஸிக்குக் காரணம் விளங்கிவிட்டது. வாட்டுக்குப் போய்க் கட்டிலடியில் நின்றவர், தாயையும் மாமியையும் வைத்துக்கொண்டு, காலமெல்லாம் கேட்டுப் பழகிய அதே கேள்வியைத்தான் கேட்டார்.

"தண்ணியைக் கொதிக்க வைச்சுத்தானே பால் கரைச்சனீர்?"

"ஓம் மிஸ்ஸி, எப்பவும் கொதிக்க வைச்சுத்தான்."

"போத்தல்?"

நிரோஜா தலையைக் குனிந்தாள். "போத்தலை அவிச்சுப்போட்டு... சில நேரம் கடைசியாக் கிணத்துப் பைப் தண்ணியிலை ஒருக்கா அலசினனான்."

அவ்வளவுதான். ரீச்சர் மருமகளைத் திரும்பி ஒரு பார்வை பார்த்தார். மிஸ்ஸி ஒன்றும் சொல்லாமல் நின்றார். சொல்லியிருக்கலாம். அந்தப் பெண் அலசிய தண்ணீருக்குள் என்ன கிடந்தது என்று அவர் ஒருவருக்குத்தானே தெரியும். குற்றம் இன்னொருவர் தலையில் போய் விழுந்தபோது தனக்கு மூச்சு வந்ததாம். அதைத்தான் இன்றைக்கும் தாங்க முடியவில்லை என்று சொல்லிக் கண்ணைத் துடைக்கிறார்.

பிறகு சுகாதாரப் பரிசோதகர் வந்து கிணற்றுத் தண்ணீரை எடுத்துப் போனார். தண்ணீரில் மலக்கிருமி என்று முடிவு வந்தது. அவர் திரும்பி வந்து ரீச்சரின் குழியைப் பார்த்தார். அது கிணற்றுக்கு எதிர்ப் பக்கத்தில், தூரத்தில் கிடந்தது. மதிலுக்கு மேலால் தலையை நீட்டி மிஸ்ஸியைக் கேட்டார்.

"உங்கடை குழி எந்தப் பக்கம், மிஸ்ஸி?"

"முன்னுக்கு."

"நீங்கள் சொன்னால் சரிதானே. மாரி வெள்ளம் உள்ளுக்கை இறங்கியிருக்கும்" என்று சொல்லிவிட்டு, கிணற்றுக்கு மருந்து போடச் சொல்லிப் போய்விட்டார். கூட வேலை செய்கிறவர், அவர் ஏன் சந்தேகப்படப் போகிறார்?

பிள்ளை தேறி வீட்டுக்கு வந்தது. மருந்து போட்டு இறைத்த கிணற்றில் மறுபடியும் கான்கள் இறங்கின. மிஸ்ஸிக்குப் பயம் கூடியது. அடுத்த மாரிக்கு எந்தப் பிள்ளையோ? குழியை மூடலாம். மூடினால் ஏன் மூடினீர் என்று கேட்பார்கள். இரகசியமாக மூட அது என்ன உப்புப் போத்தலா?

வீட்டுக்கு வந்த பிள்ளையின் நிறை பார்க்க மிஸ்ஸி போகத்தான் வேண்டும், உத்தியோகம். போனார். ரீச்சர் குசினியில் இருந்தார். போத்தல் அவிப்பதில் இருந்து பால் கரைப்பது, பிள்ளையைக் குளிப்பாட்டுவது வரை எல்லாவற்றையும் அவர் தன் கைக்கு எடுத்துவிட்டார். நிரோஜா அறைக்குள், கட்டிலின் ஓரத்தில் இருந்தாள். ஆள் பாதியாகியிருந்தாள். தாய்ப்பாலும் வற்றிக்கொண்டு வந்தது. மிஸ்ஸி தராசுப் பையில் இருந்து பிள்ளையை எடுத்துத் தாயிடம் நீட்டினார். நிரோஜா கைகளைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

"என்னட்டைத் தராதேங்கோ, மிஸ்ஸி. மாமியிட்டைக் குடுங்கோ. என்ரை கை சுத்தமில்லை."

"என்ன கதை கதைக்கிறீர்?"

"நான்தானே பிள்ளையைச் சாகக் குடுக்கப் பாத்தனான். தொடவே பயமாக் கிடக்கு."

பிள்ளை இருவருக்கும் நடுவில் தொங்கிக்கொண்டு காலை உதைத்தது. தன் மகள் வாடியதைப் பார்க்கமுடியாமல் குழியை மாற்றிய மனுசி, இன்னொருத்தியின் மகள் தன்னால் வாடிப்போய் இருப்பதை அன்றுதான் நேரே பார்த்தார். பிள்ளையைக் கட்டிலில் கிடத்தினார். தானும் நிலத்தில் இருந்துவிட்டார். இருந்தபடியே எல்லாவற்றையும் சொன்னார். சாத்திரியார், வாயு மூலை, குறோட்டன் சாடி, பரிசோதகருக்குச் சொன்ன பொய், ஒன்றும் விடவில்லை.

இந்தப் பெண் எழும்பிக் கத்தப் போகிறாள், ஒழுங்கை கூடப் போகிறது, வேலையும் போகப் போகிறது என்று நினைத்துக்கொண்டு இருந்தார். அப்படி நடந்தால் நல்லது என்றும் நினைத்தார். நிரோஜா கத்தவில்லை. கட்டிலில் இருந்து மிஸ்ஸியின் முகத்துக்கு நேரே குனிந்தாள்.

"அப்ப... நான் இல்லையோ, மிஸ்ஸி?"

"நீ இல்லை, அம்மா. நீ இல்லவே இல்லை."

நிரோஜா மிஸ்ஸியின் கையைப் பிடித்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டு அழுதாள். ஏதோ பெரிய உதவி செய்தவருக்கு நன்றி சொல்லுகிற மாதிரி அழுதாள். அந்தக் கையை எங்கே கொண்டுபோய் ஒளிப்பது என்று மிஸ்ஸிக்குத் தெரியவில்லை. அழுகை கொஞ்சம் அடங்கியதும் அவள் ஒன்று கேட்டாள்.

"இதை மாமிக்கும் ஒருக்காச் சொல்லுவீங்களோ?"

மிஸ்ஸி எழும்பிக் குசினிக்குப் போனார். போத்தல்கள் அவிந்துகொண்டிருந்த அடுப்புக்கு முன்னால் நின்று, முதலில் இருந்து மறுபடியும் எல்லாவற்றையும் சொன்னார். முதல் தடவையை விட இது கஷ்டமாக இருந்ததாம். சொல்லி முடித்ததும் றோஸ் ரீச்சர் அடுப்பைக் குறைத்தார். சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு மிஸ்ஸியைத் தாண்டி அறைக்குள் போனார். கட்டிலில் கிடந்த பிள்ளையைத் தூக்கி, நிரோஜாவின் கைகளை விரித்து, அதற்குள் வைத்தார். மருமகளின் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, "என்னை மன்னிச்சுக்கொள், மகள்" என்றார்.

மன்னிப்புக் கேட்க வேண்டியவர் கதவடியில் நின்றுகொண்டிருந்தார். ரீச்சர் அவர் பக்கம் திரும்பவே இல்லை.

"நீர் இப்ப போம், பிரதீபா" என்றார்.