இரண்டு கை கேட்கும் கத்தி

அண்ணாச்சி போய்விட்ட செய்தி நம் காலை நடைக் குழுவின் வாட்ஸப்பில், யாரோ அனுப்பிய ரோஜாப்பூ வணக்கத்துக்கு அடியில் வந்தது. "அப்பா இன்று அதிகாலை காலமாகிவிட்டார்" என்று அவருடைய மகன் குமார் போட்டிருந்தான். அதைப் பார்க்காமலேயே இரண்டு பேர் ரோஜாப்பூவுக்குக் கைதட்டியிருந்தார்கள். எனக்கு ஆத்திரமாக வந்தது. யார் மேல் என்று சொல்லத் தெரியவில்லை. எதிரில் இருந்த காபி ஆறிப்போனது. மயிலாப்பூர் பூங்காவில் அவரோடு நடந்தவர்களுக்கும், நடக்காமல் பெஞ்சில் உட்கார்ந்து அவர் நறுக்கிய கொய்யாக்காயை மட்டும் தின்றவர்களுக்கும் இதை எழுதுகிறேன்.

தி. நகரில் பாத்திரக் கடை வைத்திருந்த சண்முகவேலை நாம் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து, கடையை வளர்த்து, மகனிடம் ஒப்படைத்துவிட்டு மந்தைவெளியில் குடியிருந்தார். நடையில் அவருக்குப் பெரிய அக்கறை கிடையாது. டாக்டர் சொன்னதற்காக ஒரு சுற்று சுற்றுவார். பிறகு பெஞ்சில் துண்டை விரித்துச் சட்டைப் பையிலிருந்து அந்த மடக்குக் கத்தியை எடுப்பார். பேச்சு தானாக நின்றுவிடும்.

அந்தக் கத்தியைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். கருங்காலிப் பிடி, இரண்டு முனையிலும் பித்தளைப் பூண். லாரி ஸ்பிரிங் பட்டையில் அடித்த அலகு, மடக்கும்போது 'டக்' என்று உட்காரும். கடையில் வாங்கியதல்ல. ஊரில் ஓர் ஆசாரியிடம் சொல்லிச் செய்தது. ஆசாரி களிமண் உருண்டையைக் கொடுத்து இறுக்கிப் பிடிக்கச் சொன்னாராம். அந்த அச்சைப் பார்த்துத்தான் பிடியைச் செதுக்கினாராம். நான் பிடித்தால் என் விரல்கள் எந்தப் பள்ளத்திலும் சரியாக உட்காராது. அடுத்தவர் செருப்பில் கால் விட்ட மாதிரி இருக்கும். இருந்தாலும் தினமும் வாங்கிப் பார்க்காமல் என்னால் இருக்க முடியாது. வெயில் பட்டால் அந்தக் கறுப்புக்குள் ஒரு பழுப்பு ரேகை ஓடும். அதைத் தடவிக்கொண்டே இருப்பேன். கத்தியை அவர் ஒருநாளும் யார் கையிலும் தந்ததில்லை. பெஞ்சில் வைப்பார், நாம் எடுத்துக்கொள்ள வேண்டும். கையில் கொடுத்தால் சண்டை வருமாம்.

ஊரெல்லாம் கருங்காலி மாலை போட்டுக்கொண்டு திரிந்த சமயத்தில், நம் என்ஜினீயர் வரதன் அவரைச் சீண்டினார். "அண்ணாச்சி, இது பாக்கெட்ல இருந்தா சனி கிட்டயே வராதாமே?"

"எங்க வராம இருக்கி? தினமும் காலைல இந்த பெஞ்சுல வந்து உக்காந்து கொய்யாக்கா கேக்கே!"

வரதன் அன்று புரையேறும்வரை சிரித்தார்.

நகத்தை வைத்து இழுக்க அலகில் ஒரு சின்னப் பள்ளம் உண்டு. ஒரு கை பிடியைப் பிடிக்க வேண்டும், மறு கையின் கட்டைவிரல் நகம் அலகை இழுக்க வேண்டும். ஸ்பிரிங் நல்ல முறுக்கு. ஏன் இவ்வளவு கெட்டியாகச் செய்யச் சொன்னீர்கள் என்று ஒருநாள் கேட்டேன். "ஒத்தக் கையில தொறக்கதெல்லாம் ரவுடி கத்தி சார். இது ரெண்டு கை கேக்கும். கோவத்துல இருக்கவனுக்கு அந்தப் பொறுமை வராது. அவன் தொறக்கதுக்குள்ள கோவம் போயிரும்லா?" என்றார்.

போன மழைக்காலத்தில் அவருக்குப் பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்துவிட்டது. நல்லவேளையாகப் பேச்சுக்கு ஒன்றும் ஆகவில்லை. பார்க்கப் போனேன். இடது கையால் பிசைந்து பழக ரப்பர் பந்து கொடுத்திருந்தார்கள். அது கட்டிலுக்கு அடியில் உருண்டு கிடந்தது. வலது கையில் கத்தியை வைத்துக்கொண்டிருந்தார்.

"பந்து எனக்கு எதுக்கு சார், நான் என்ன சின்னப் பிள்ளையா? இதை மட்டும் நானே ஒரு தடவ தொறந்துட்டேன்னா போதும். மத்ததெல்லாம் தன்னால வந்துரும்."

அப்படியெல்லாம் வராது என்று குமாரிடம் டாக்டர் சொல்லிவிட்டார். குமார் என்னிடம் சொன்னான். அவரிடம் சொல்ல எங்கள் இருவருக்கும் நாக்கு எழவில்லை.

அதன்பிறகு போகும்போதெல்லாம் அதே மல்லுக்கட்டுதான். பிடியை முழங்காலுக்கு நடுவில் இடுக்கிப் பார்த்தார். இடது கால் இறுக்கிப் பிடிக்காது, கத்தி நழுவி மெத்தையில் விழும். பல்லில் கடிக்கப் போனார். "ஐயோ, வாயக் கிழிச்சிட்டா என்ன செய்ய?" என்று அவர் மனைவி, நம் அண்ணி, அழுதார். கடைசியில் நான் பிடியைப் பிடித்துக்கொண்டேன், அவர் நகத்தால் இழுத்தார். திறந்தது. நான் கைதட்டினேன்.

"ரெண்டு பேரும் ஒண்ணாப் பிடிச்சிருக்கோம். நமக்குள்ள சண்டை வரப் போகுது" என்று சிரித்தார். பிறகு முகம் மாறியது. "இது பாதி நீங்க தொறந்தது சார். கணக்குல சேராது" என்று மடக்கச் சொல்லிவிட்டார்.

வரதன் மனசு கேட்காமல் ஆன்லைனில் ஒரு கத்தி வாங்கி வந்தார். கட்டைவிரலால் தள்ளினால் திறந்துகொள்ளும். அண்ணாச்சி அதை வாங்கி, திறந்து, வரதனுக்கே ஒரு ஆப்பிளை நறுக்கிக் கொடுத்தார். "சொகமாத்தான் இருக்கி" என்றார். வரதன் இறங்கிப் போனதும் அதைத் தலைமாட்டில் தள்ளிவிட்டுச் சுவர்ப் பக்கம் பார்த்துக்கொண்டார். நான் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வேறு என்ன செய்வது?

கடைசியாகப் போனபோது உற்சாகமாக இருந்தார். கட்டில் சட்டத்துக்கும் மெத்தைக்கும் நடுவில் பிடியைச் செருகி இழுத்திருக்கிறார். அலகு கொஞ்சம் எழும்பி, திரும்ப உள்ளே போய்விட்டதாம். எனக்கும் செய்து காட்டினார். நெற்றியில் வியர்வை வழிந்தது. கத்தி அசையவில்லை. "காலைல வந்துட்டு சார், சத்தியமா. அடுத்த வாரம் வந்து பாருங்க" என்றார். பார்க்கிறேன் அண்ணாச்சி என்றேன். அந்த அடுத்த வாரம் வருவதற்குள்தான் அந்த ரோஜாப்பூ வந்தது.

மின் மயானத்தில், உள்ளே தள்ளுவதற்கு முன்னால் அங்கே வேலை பார்ப்பவர் அவர் வேட்டி மடிப்பைத் தொட்டுப் பார்த்தார். "இன்னா சார் இது? இரும்பு கீது. உள்ள போவக் கூடாது சார், தப்பா நெனச்சிக்காதீங்க." அண்ணி வீட்டிலேயே யாருக்கும் சொல்லாமல் செருகி அனுப்பியிருக்கிறார். கூட இருக்கட்டும் என்று நினைத்திருப்பார். குமார் கத்தியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு என் கையில் வைத்தான்.

"நீங்களே வச்சுக்கோங்க மாமா. எங்க யாருக்கும் இதப் பிடிக்கக்கூடத் தெரியாது."

வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து குளித்துவிட்டு மேசை முன்னால் உட்கார்ந்தேன். கத்தி இடது கைக்குப் போனது. வலது கட்டைவிரல் நகம் பள்ளத்தைத் தேடி இழுத்தது. திறந்துவிட்டது. நான் யோசிக்கக்கூட இல்லை, மூச்சுப் பிடிக்கவும் இல்லை. இவ்வளவுதான். இதற்காகத்தான் அந்த மனிதர் மாதக்கணக்கில் கட்டிலில் வியர்த்துக் கிடந்தார். மடக்கினேன், மறுபடி திறந்தேன், மறுபடியும் அதே சுலபத்தில் திறந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

கத்தி என்னிடம் இருக்கிறது. இரண்டு கைகளும் இருக்கின்றன. அவற்றில் ஒன்றை ஒரே ஒரு நிமிஷம் அவருக்கு இரவல் கொடுக்க வழியில்லாமல்தான் அத்தனை நாளும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.