எமிலியா அம்மாளைக் குளிப்பாட்டியவள்

சாந்தா கிளாரா ஊரில் செத்தவர்களைக் குளிப்பாட்டி உடுத்துகிற வேலைக்கு நிக்காசியா வந்தது முப்பது வயதில். புருஷன் காசநோயில் போனபோது அவன் உடம்பைத் தொட ஆள் வரவில்லை. அவளே செய்தாள். கை நடுங்கவில்லை என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். அதுவே பிழைப்பாகிவிட்டது. கறுப்பர் வீடு, கலப்பினத்தார் வீடு, ஏழை வெள்ளையர் வீடு என்று எங்கும் கூப்பிட்டார்கள். பணக்கார வெள்ளையர் மட்டும் கூப்பிட்டதில்லை. அவர்களுக்குக் கன்னியாஸ்திரிகள் இருந்தார்கள்.

ஆகவே ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தொன்பதாம் வருஷம் பிப்ரவரியில் ஒரு காலை, மருந்துக்கடை லிசார்தோ வீட்டுச் சமையல்காரி வாசலில் வந்து நின்றபோது அவளால் நம்ப முடியவில்லை.

"எமிலியா அம்மா விடியக்காலைல போயிட்டாங்க. உன்னைக் கூட்டிட்டு வரச் சொன்னாங்க."

"யார் சொன்னாங்க?"

"அவங்களேதான். ஒரு வாரமா இதே பேச்சு. நிக்காசியாவைத் தவிர யாரும் என்னைத் தொடக்கூடாதுன்னு."

"எனக்கு அந்த அம்மாவோட பழக்கமே இல்லையே."

"அவங்களுக்கு உன்னைத் தெரிஞ்சிருக்கு." சமையல்காரி சிலுவைக்குறி போட்டுக்கொண்டாள்.

முகம் மட்டும் தெரியும். ஞாயிறு மாலை பூங்காவில் பேண்டு வாசிக்கும்போது உள்வட்டத்தில் வெள்ளையர் நடப்பார்கள், வெளிவட்டத்தில் மற்றவர்கள். முழங்கை வரை கையுறை போட்ட ஒரு பெண், நிக்காசியாவுக்கு நேராக வரும்போதெல்லாம் உள்வட்டத்தில் நின்றுவிடுவாள். பார்ப்பாள். பிறகு நடப்பாள். வருஷக்கணக்கில் இப்படி. "அந்தச் சுண்ணாம்பு மூஞ்சி உன்னையே பாக்குதுடி, யாருக்கு நாள் குறிக்குதோ" என்று தோழிகள் கேலி செய்வார்கள். நிக்காசியாவும் சிரிப்பாள். 

சாவு வீட்டில் வழக்கப்படி கண்ணாடிகளையெல்லாம் துணி போட்டு மூடியிருந்தார்கள். புருஷன் லிசார்தோ சுவரைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"கல்லீரல் கோளாறு. கடைசில உடம்பு கறுத்துப்போச்சு. ஆளுங்க வர்றதுக்குள்ள பழையபடி வெள்ளையாக்கிடு. பொடி அங்க இருக்கு."

மேஜைமேல் ஒரு பெட்டி நிறைய முட்டையோட்டுப் பொடி. அவள் பேட்டையில் செத்தவர்கள் திரும்பி வராதிருக்க நிலைப்படியில் தேய்ப்பதும் இதே பொடிதான்.

கதவைச் சாத்திக்கொண்டு வேலையை ஆரம்பித்தாள். பிணத்தோடு பேசுவது அவள் வழக்கம். பேசினால் விறைப்பு இளகும் என்று நம்பினாள். "கையைக் கொடு கண்ணு. வெக்கப்படாதே. நானும் பொம்பளைதான்."

முகத்தைத் துடைக்கத் துடைக்கப் பாத்திரத்துத் தண்ணீர் பாலாக மாறியது. அடியில் வந்தது நோய்க் கறுப்பு அல்ல. லவங்கப்பட்டை நிறம். பக்கத்தில் இருந்த தன் கையைப் பார்த்தாள். அதே நிறம்.

சாவிலும் கழற்றாமலிருந்த இடது கையுறையை உருவினாள். முழங்கைக்குக் கீழே இலைபோல ஒரு தழும்பு.

பிறந்த ஊரான ரெமெதியோஸில் நிக்காசியாவுக்கு ஐந்து வயதானபோது, கொதிக்கிற கொய்யாப் பாகுச் சட்டியைத் தட்டிவிட்டாள். அது அக்கா கசில்டாவின் கையில் கொட்டியது. பதினேழு வயதில் கசில்டா காணாமல் போனாள். ஆற்றங்கரையில் அவளுடைய ஒற்றைச் செருப்பு கிடந்தது.

 நிக்காசியாவின் அடிவயிற்றிலிருந்து குரல் வந்தது.

"அடிப்பாவி. ஆத்தோட போயிட்டேன்னு அம்மா அழுதே செத்தாளேடி. நீ மூணு தெரு தள்ளி உக்காந்திருக்கியா?"

கதவு படபடவென்று அதிர்ந்தது. "அம்மா! அம்மா, கதவைத் திற!"

திறந்தாள். எமிலியாவின் பத்தொன்பது வயது மகள் ஒத்திலியா. கட்டிலைப் பார்த்தாள், நிக்காசியாவைப் பார்த்தாள்.

"இப்பப் பேசினது யாரு?"

"நான்தாம்மா."

"இல்ல. அது எங்கம்மா குரல்." பெண் காதைப் பொத்திக்கொண்டு சுவரோடு சரிந்து உட்கார்ந்தாள்.

தான் யாரென்று சொல்லியிருக்கலாம். அடுத்த வருஷம் ஈஸ்டர் முடிந்ததும் அவளுக்குச் சர்க்கரை ஆலைக்காரர் மகனோடு கல்யாணம் என்று ஊருக்கே தெரியும். சூடு வைத்து நீவிய தலைமுடி வகிட்டோரம் சுருளத் தொடங்கியிருந்தது. நிக்காசியா பொடிப் பெட்டியைத் திறந்து, அக்காவைத் தன் கையாலேயே வெள்ளையாக்கினாள். வந்தவர்கள், தூங்குகிற மாதிரி இருக்கிறாள் என்றார்கள். செபமாலை முடியும்வரை நிக்காசியா சமையல்கட்டில் இருந்தாள்.

நாற்பது நாள் கழித்து ஒத்திலியா நிக்காசியாவின் வீட்டுக்குக் கொல்லை வழியாக வந்தாள். சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தாள்.

"பேசு. எதையாவது பேசு."

நிக்காசியா மீன் விலையைப் பற்றிச் சொன்னாள், பக்கத்து வீட்டுச் சண்டையைச் சொன்னாள். அந்த முதுகு குலுங்கிக்கொண்டே இருந்தது. மாதம் ஒருமுறை இப்படி வந்தாள். ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. கல்யாணத்துக்குப் பிறகு வருவது குறைந்தது.

இரண்டு வருஷம் கழித்து ஒரு நடுப்பகலில் வந்தபோது கையில் ஒரு மாதக் குழந்தை.

"மாமியார் தினம் இதோட காதைத் தூக்கித் தூக்கிப் பாக்கறா. நகக்கண்ணைப் பாக்கறா, கறுப்பு தெரியுதான்னு. அம்மா பூசின பொடி எப்படிச் செய்யறதுன்னு சொல்லு."

நிக்காசியா குழந்தையை வாங்கி, வெந்நீரில் குளிப்பாட்டித் துவட்டினாள். "நான் பொணத்துக்கு மட்டும்தாம்மா பூசுவேன்."

ஒத்திலியா அப்போதுதான் அவள் முகத்தை நேராகப் பார்த்தாள். "நீ எங்கம்மாவுக்கு யாரு?"

"தங்கச்சி."

ஒத்திலியா குழந்தையைச் சுற்றி எடுத்துக்கொண்டு வாசல்வரை போய் நின்றாள்.

"என் மாமியார் எங்கம்மாவோட பேசிப் பழகினவ. கடைத்தெருவுல நீ பேசறதைக் கேட்டா கண்டுபிடிச்சிடுவா. வெளியில வாயைத் திறக்காதே. இந்தக் குழந்தைக்காக."

அன்றிலிருந்து நிக்காசியா தெருவில் பேசவில்லை. பக்கவாதம் நாக்கை இழுத்துவிட்டது என்று ஊர் நினைத்தது. விலை கேட்க விரலைக் காட்டினாள். கதவைச் சாத்தியபின் பிணங்களோடு மட்டும் பேசினாள். வெளியே நிற்பவர்கள் அந்த முணுமுணுப்பைக் கேட்டு விலகிப் போனார்கள். புரட்சி வந்து பூங்காவில் இரண்டு வட்டமும் ஒன்றானது. அப்போதும் அவள் பேசவில்லை.

அறுபத்தொன்றில் ஒத்திலியா புருஷன், மாமியார், பிள்ளை எல்லாரோடும் மியாமிக்கு விமானம் ஏறிவிட்டாள் என்று பழைய சமையல்காரி வந்து சொன்னாள். நிக்காசியா கூடையை எடுத்துக்கொண்டு மீன்கடைக்குப் போனாள்.

"இன்னிக்கு என்ன மீனுப்பா நல்லாருக்கு?"

மீன்காரன் கத்தியைக் கீழே வைத்துவிட்டான். அவள் வீடு போய்ச் சேரும்வரை எதிரில் வந்தவர்களிடமெல்லாம் பேசிக்கொண்டே போனாள். சிலர் சிலுவைக்குறி போட்டுக்கொண்டார்கள். அதன்பிறகு உயிரோடு இருந்த ஏழு வருஷமும் அவள் பேச்சை நிறுத்தவில்லை.